யானைக் கோபுரம்: இரக்கத்தில் முடியும் ஒரு திருட்டுக் கதை

ராபர்ட் ஈ. ஹோவர்ட் எழுதிய 'யானைக் கோபுரம்' 1933 மார்ச் மாத 'வியர்ட் டேல்ஸ்' இதழில் வெளிவந்தது. வாள்வீரமும் மாந்திரீகமும் கலந்த சாகசக் கதை வகையின் தொடக்க காலப் படைப்பு அது. கதை அச்சேறியபோது ஹோவர்டுக்கு வயது 27. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், கிராஸ் ப்ளெயின்ஸ் என்ற சிற்றூரில், மருத்துவர் ஒருவரின் மகனாக வளர்ந்தவர். குத்துச்சண்டைக் கதை, கௌபாய் கதை, பேய்க்கதை என்று மலிவு விலை இதழ்களுக்கு ஓயாமல் எழுதிப் பிழைத்தவர். 1936இல், முப்பதாம் வயதில் மறைந்தார். வாள்வீரமும் மாந்திரீகமும் கலந்த கதைகளுக்கு 'வாளும் மந்திரமும்' என்ற பெயரை ஃபிரிட்ஸ் லைபர் சூட்டியது 1961இல்தான்.

கதையின் நாயகன் கோனன், சிம்மேரியா என்ற மலைநாட்டிலிருந்து வந்த முரட்டு இளைஞன். 1932 டிசம்பரில் வெளிவந்த முதல் கோனன் கதையில் அவன் முடிசூடிய மன்னன், நடுவயதுக்காரன். மூன்றாவதாக வந்த இந்தக் கதையிலோ, நகரத்துப் பேச்சு வழக்கங்கள்கூடப் பிடிபடாத இளம் திருடன். ஊர் சுற்றிய ஒருவன் தன் வாழ்க்கையை நினைவு வந்த வரிசையில் சொல்வதைப் போல ஹோவர்ட் இக்கதைகளை முன்பின்னாக எழுதினார். அதனால், கோனன் பிழைப்பானா என்ற கேள்வி வாசகருக்கு எழுவதில்லை. இந்த இரவு அவனை எப்படிப்பட்டவனாக ஆக்கப்போகிறது என்பதில்தான் கவனம் நிற்கிறது.

சமோரா நாட்டு நகரம் ஒன்றின் திருடர் சேரியில், சாராயக் கடையில் கதை தொடங்குகிறது. யாரா என்ற மந்திரவாதிப் பூசாரியின் கோபுரத்தில் 'யானையின் இதயம்' என்ற மணிக்கல் இருப்பதாகப் பேச்சு அடிபடுகிறது. அதை ஏன் ஒருவரும் திருடவில்லை என்று கோனன் வெள்ளந்தியாகக் கேட்கிறான். ஆள் கடத்துவதைத் தொழிலாகக் கொண்ட ஒருவன் அவனை எள்ளி நகையாடுகிறான். கைகலப்பில் மெழுகுவத்தி அணைகிறது; வெளிச்சம் திரும்பும்போது எள்ளியவன் பிணமாகக் கிடக்கிறான். மண்டை பிளக்கும் என்ற அச்சம் இல்லாததால்தான் நாகரிக மனிதர் துணிந்து பிறரை அவமதிக்கிறார்கள் என்று ஹோவர்ட் இவ்விடத்தில் போகிறபோக்கில் சொல்கிறார். அவருடைய உலகப் பார்வை முழுவதும் அந்தக் குறிப்பில் அடங்கியிருக்கிறது.

கோபுரத் தோட்டத்தில் கோனன் சந்திக்கும் டாரஸ், திருடர்களின் இளவரசன் என்று பெயரெடுத்தவன். கருந்தாமரைப் பொடியைக் குழலால் ஊதி, காவல் சிங்கங்களைச் சத்தமின்றிக் கொல்கிறான். இறந்த பெண்களின் கூந்தலைத் திரித்த கயிற்றில் இருவரும் உச்சிக்கு ஏறுகிறார்கள். அறைக்குள் முதலில் நுழையும் டாரஸ் தள்ளாடி வெளியே வந்து விழுந்து சாகிறான். உள்ளே இருப்பது பூதாகரமான சிலந்தி. கோனன் அதைக் கொல்வது நகைகள் நிறைந்த பெட்டியைத் தூக்கி வீசித்தான். அவ்வளவு செல்வத்துக்கும் இந்தக் கதையில் கிடைக்கும் ஒரே பயன், எறிகல்லாக அமைவது. திறமைசாலியான டாரஸைப் பாதியிலேயே சாகவிட்டது ஹோவர்டின் துணிச்சல். தொழில் தெரிந்தவன் போனபின், தெரியாதவன் தனியே கீழே இறங்க வேண்டியிருக்கிறது.

கதை உயிர் பெறுவது அடுத்த அறையில்தான். அங்கே மனித உடலும் யானைத் தலையும் கொண்ட பச்சை நிற உருவம் ஒன்று அமர்ந்திருக்கிறது. சிலை என்று எண்ணி நெருங்கும் கோனன், அது அசைவதைக் கண்டு உறைந்துபோகிறான். ஹோவர்டின் அமெரிக்க வாசகருக்கு இது கொடுங்கனவுக் காட்சி. பிள்ளையாரை நாள்தோறும் கும்பிடும் தமிழர்களுக்கு அந்த அச்சம் அவ்வளவாக ஒட்டாது. அடுத்து வரவேண்டிய இரக்கம் முன்னதாகவே வந்துவிடும். அந்த உருவத்துக்குக் கண் தெரியாது. கைகால்கள் சித்திரவதையில் முறுக்கப்பட்டு உருக்குலைந்திருக்கின்றன. தும்பிக்கையால் கோனனின் முகத்தைத் தடவிப் பார்த்து, தன்னை வதைத்தவன் இவன் அல்லன் என்று தெரிந்துகொள்கிறது. கோனனின் பயம் விலகுகிறது. மனித குலம் முழுவதன் குற்றமும் தன்மேல் சுமத்தப்பட்டதைப் போல அவன் கூசி நிற்கிறான்.

யாக்-கோஷா என்ற அந்த உயிர் வேற்றுக் கோளில் போரில் தோற்று, விண்வெளியைச் சிறகால் கடந்து, மண்ணுக்கு வந்து சிறகிழந்தது. பேரரசுகள் எழுந்து மூழ்கியதைப் பார்த்தது. கீழைநாட்டுக் காட்டில் தெய்வமாக வணங்கப்பட்டது. சீடனாக வந்த யாரா, கற்ற வித்தையைக் கொண்டே குருவை முந்நூறு ஆண்டுகள் அடிமையாக்கினான். 1930 முதல் ஹோவர்டோடு கடிதத் தொடர்பு வைத்திருந்த எச். பி. லவ்கிராஃப்டின் கதைகளில் விண்ணிலிருந்து வரும் உயிர்கள் பெரும்பாலும் மனிதனை நடுங்கவைக்கும். ஹோவர்ட் அதைத் தலைகீழாக்கினார். இங்கே கொடூரன் மனிதன், அழுவது அந்நியன்.

யாக்-கோஷா கேட்டுக்கொண்டபடி கோனன் அதன் இதயத்தை அறுத்து, குருதியை மணியின்மேல் பிழிந்து, கடைசிப் பரிசு என்று சொல்லி யாராவிடம் கொடுக்கிறான். மந்திரவாதி சிறுத்துச் சிறுத்து மணிக்குள்ளேயே சிறைப்படுகிறான். அங்கே, சிறகுகளோடு மீண்ட யாக்-கோஷா அவனைத் துரத்துகிறது. மணி மறைகிறது, கோபுரம் இடிந்து விழுகிறது, கோனன் வெறுங்கையோடு விடியலில் நிற்கிறான்.

குறைகளும் உண்டு. யாக்-கோஷாவின் தன்வரலாறு நீண்ட தனிப்பேச்சாக ஓடி, கதையின் வேகத்தைத் தடுக்கிறது. பிறந்த இனத்தைக் கொண்டு குணத்தை முடிவுகட்டும் அக்காலத்து மனப்பான்மை சாராயக் கடைக் காட்சியில் அப்பட்டம். பெண்களுக்கு இங்கே இடமே இல்லை என்று சொல்லலாம்: கடத்தல்காரனின் பேச்சில் விலைபொருள், திருடனின் கையில் கூந்தல் கயிறு. இவற்றை மூடிமறைத்துப் பாராட்ட வேண்டியதில்லை. கதையின் வலிமை அவற்றையும் தாங்கி நிற்கக்கூடியது.

1971இல் ராய் தாமஸ் எழுத, பாரி ஸ்மித் வரைந்து, மார்வல் நிறுவனம் இதைக் காமிக்ஸாக வெளியிட்டது. 1982இல் ஜான் மிலியஸ் இயக்கத்தில் ஆர்னால்ட் ஷ்வார்ஸ்நேகர் நடித்த திரைப்படத்திலும் கோபுரம் ஏறி மணி திருடும் காட்சி வருகிறது. அங்கே காவலுக்கு இருப்பது ராட்சதப் பாம்பு; யாக்-கோஷா இல்லை. அதனால் படத்தில் திருட்டு வெறும் திருட்டாகவே முடிகிறது. ஹோவர்டின் மூல வடிவங்களுக்குத் திரும்பும் பதிப்புகள் 2003 முதல் அமெரிக்கக் கடைகளில் பரவலாகக் கிடைத்தன. கோனன் கதைகளைப் புதிதாகப் படிக்கத் தொடங்குபவர், மன்னனாக அவன் வரும் முதல் கதையைத் தள்ளிவைத்து, ஒரே அமர்வில் முடித்துவிடக்கூடிய இந்தக் கதையிலிருந்தே தொடங்கலாம்.