கடலுக்கும் வக்கீல் உண்டு

சட்டம் படித்த பையனைப் பார்த்தால், "சிவிலா, கிரிமினலா?" என்று கேட்போம். "கடல்" என்று அவன் சொன்னால்?

அப்படியும் வழக்கு உண்டு. நாகப்பட்டினம் பக்கம் வயல்கள் இறால் பண்ணைகளாக மாறிக்கொண்டிருந்த நேரம். நிலமும் குடிதண்ணீரும் உப்பாகிறதே என்று காந்தியவாதி ஜெகந்நாதன் 1994இல் உச்ச நீதிமன்றம் போனார். அவருக்காக வாதாடியவர் எம்.சி.மேத்தா. 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது: கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் மரபு முறையில் அல்லாத பண்ணைகளை அகற்ற வேண்டும், கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும். 2005இல் புதுச் சட்டம் வந்து பண்ணைகளுக்கு வழிவிட்டது, அது தனிக் கதை!

கடலுக்காக வாதாடும் வேலைக்குச் சட்டப் புத்தகம் மட்டும் போதாது. அந்த ஒழுங்குமுறை மண்டலம் 500 மீட்டர் வரை என்றது 1991 அறிவிக்கை. எங்கிருந்து அளப்பது? உயர் அலைக் கோட்டிலிருந்து. வரைபடத்தில் அந்தக் கோடு கொஞ்சம் நகர்ந்தால் ஒரு ஓட்டலே கட்டுப்பாட்டிலிருந்து தப்பித்துவிடும். ஆகவே வரைபடம் படிக்கவும் தெரிய வேண்டும். அலை எதுவரை ஏறும் என்று மீனவரிடம் உட்கார்ந்து கேட்கவும் தெரிய வேண்டும்.

சென்னையிலேயே, சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 30 நாள் கெடு. தாமதத்துக்குத் தக்க காரணம் சொன்னால் இன்னும் 60 நாள். அதற்குள் மனு எழுத ஆள் வேண்டும்.