வழக்கம்போல என்ற சொல்

நூல் வியாபாரத்தில் நாற்பதாண்டுகளுக்கு மேல் காலங்கழித்தவன் நான். வாடிக்கைக்காரர் வாய் திறக்குமுன்பே அவருக்கு வேண்டியதை அறிந்துகொள்பவனே கெட்டிக்கார வியாபாரி என்று இளமையில் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையால் நேர்ந்த ஒரு நஷ்டத்தைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன்.

பருத்தி நூலை நம்பர் சொல்லி விற்பது வழக்கம். 840 கெஜ நீளமுள்ள சிட்டங்கள் ஒரு ராத்தல் எடையில் எத்தனை நிற்கின்றனவோ, அதுவே அந்நூலின் நம்பர். ஆகவே நம்பர் ஏற ஏற நூல் மெலியும். 40ஆம் நம்பர் இழைகள் இரண்டைச் சேர்த்து முறுக்கினால் அது இரட்டை நாற்பது. அதன் பருமன் ஏறக்குறைய ஒற்றை இருபதுக்குச் சமம். சீட்டில் எழுதும்போது 2/40 என்று எழுதுவோம். பேசும்போதோ, ஒற்றையும் இரட்டையும் பல சமயம் வெறும் 'நாற்பது'தான்.

1974ஆம் ஆண்டு தீபாவளிக்குச் சில வாரங்களே இருந்தன. ஈரோட்டில் ஒரு நூல் கடையில் விற்பனைப் பொறுப்பை அப்போதுதான் ஏற்றிருந்தேன். எனக்கு முன்பு அந்த இடத்தில் இருந்த முதியவர் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். சென்னிமலையிலிருந்து டிரங்க் கால் வந்தது.

"தம்பி, வழக்கம்போல நாற்பது, பத்துக் கட்டு. நேராகச் சாயப்பட்டறைக்கே அனுப்பிவிடுங்கள்."

"அப்படியே ஆகட்டும், ஐயா."

பேச்சு அவ்வளவுதான். நான் அறிந்த வழக்கம் லுங்கி நெய்பவர்களின் வழக்கம்; அவர்களுக்கு ஒற்றை நாற்பது. பேசியவரோ போர்வை நெய்பவர். 'ஒற்றையா, இரட்டையா?' என்று நான் கேட்கவில்லை. கேட்டால் புதியவன் என்பது வெளிப்பட்டுவிடுமே என்ற வெட்கம். டிரங்க் காலின் மூன்று நிமிடக் கணக்குத்தான் என்னை அவசரப்படுத்தியது என்று பிற்பாடு சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அது பொய்.

சாயக்காரருக்கு நிறந்தான் கணக்கு. பத்துக் கட்டும் சாயமேறி, பாவு ஓட்டும் இடத்திற்கு வந்த பிறகே குட்டு வெளிப்பட்டது. மறுநாள் பெரியவர் கடைக்கு வந்தார். கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு சிவப்புச் சிட்டத்தை மேசைமேல் வைத்து, "இது யாருக்கு அனுப்பினது, தம்பி?" என்றார்.

முதலாளி சாயமேறிய நூலைத் திரும்ப எடுத்துக்கொண்டு, கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார். கடையின் நஷ்டம் அத்துடன் தீர்ந்தது. ஆனால் புது நூல் சாயமேறி வரும்வரை ஆறு தறிகள் ஒன்பது நாள் நின்றன. நெசவாளிக்குக் கூலி நெய்த துணிக்குத்தான்; நின்ற நாளுக்கு இல்லை. பண்டிகை முகத்தில் இழந்த அந்த ஒன்பது நாளை எவரும் ஈடு செய்யவில்லை. ஈடு செய்ய வேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றவுமில்லை. இன்றைக்கும் உறுத்துவது அதுதான்.

பெரியவர் மீதும் ஒரு பிழை உண்டு. பழைய விற்பனையாளருக்குத் தெரிந்த வழக்கம் புதியவனுக்கும் தெரியும் என்று அவர் கொண்டுவிட்டார். இருவரும் ஒரே சொல்லைச் சொன்னோம். இருவர் மனத்திலும் வேறு வேறு நூல். சச்சரவு நேர்ந்திருந்தால்கூட அன்றே உண்மை தெரிந்திருக்கும். உடன்பாடு போலத் தோன்றியதே வினையாயிற்று.

பட்டும் செயற்கை இழையும் விற்கத் தொடங்கியபோது இன்னொரு வேடிக்கை. அங்கே டெனியர் கணக்கு. 9,000 மீட்டர் இழை எத்தனை கிராமோ அத்தனை டெனியர். எண் ஏறினால் இழை தடிக்கும்! பருத்தியில் பழகியவர் 'இன்னும் பெரிய எண்ணாகக் கொடுங்கள்' என்றால், மெல்லியது வேண்டுமா, தடித்தது வேண்டுமா என்று கேட்டே தீரவேண்டும்.

அதற்காக வந்தவரைப் போலீஸ்காரர் போலக் குடைந்தெடுப்பதும் தகாது. என்ன நெய்யப் போகிறீர்கள், பாவுக்கா ஊடைக்கா என்ற இரண்டு கேள்விகள் பெரும்பாலும் போதும். பின்பு கேட்டதை நம் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுவது.

சென்னிமலைப் பெரியவரிடம் நெடுங்காலம் அவ்வாறே செய்துவந்தேன். "இரட்டை நாற்பது, பத்துக் கட்டு, போர்வைப் பாவுக்கு" என்பேன். "ஆமாம்" என்று வைத்துவிடுவார். ஒருநாள் கடையில் கூட்டம். அவர் சொன்னதைக் குறித்துக்கொண்டு, "சரிங்க ஐயா" என்றதோடு நிறுத்திவிட்டேன். மறுமுனையில் ஓசையில்லை, டெலிபோனை வைக்கவும் இல்லை. காத்திருந்தார்.