யாரைக் கேட்டு அதிசயம் என்றார்கள்?

(ராஜகுளத்தில் இளைஞர்கள் நடத்திய திரைப்படக் காட்சிக்கு முன்னர் ஆற்றிய உரை)



வெண்திரையைக் கட்டிவைத்துவிட்டு அதன் முன்னே ஒருவனை நிறுத்திப் பேசச் சொல்வது, பசித்தவன் இலையின் முன் அமர்ந்திருக்கையில் சமையற் குறிப்பு வாசிப்பதை ஒக்கும். ஆகவே நீட்டமாட்டேன்.

இன்று நீங்கள் காணவிருக்கும் படம் 'மைதான்'. அமித் சர்மா இயக்கி, 2024 ஏப்ரலில் வெளிவந்தது. இசை நம் ஏ.ஆர்.ரகுமான். "இந்திப் படமாயிற்றே, நமக்குப் புரியுமா?" என்று நண்பர் ஒருவர் காதோடு கேட்டார். கோல் காப்பாளர் பீட்டர் தங்கராசு பந்தைப் பிடிக்கிறாரே, எந்த மொழியில் பிடிக்கிறார் என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றேன்.

1962 செப்டம்பர் 4. ஜகார்த்தா நகரிலே ஆசிய விளையாட்டின் கால்பந்து இறுதி ஆட்டம். எதிரே தென்கொரியா. அதே போட்டியின் முதல் ஆட்டத்தில் நம்மை 2–0 என்று வீழ்த்திய அணி! அரங்கிலே ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். அத்தனை பேரும் இந்தியா தோற்கவேண்டும் என்று கூவினர். ஏன்? பந்தாடியவர்கள் செய்த பிழையா? இல்லை. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசிய அரசு போட்டியில் சேர்க்கவில்லை. அதனை எதிர்த்து ஜி.டி.சோந்தி என்னும் இந்தியப் பிரதிநிதி குரல் எழுப்பினார். நகரம் கொதித்தது. இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. மேலிடத்தார் மூட்டிய நெருப்பிலே, பதினோரு இளைஞர்கள் இறங்கி நடந்தார்கள். அந்தக் கூச்சலின் நடுவே இந்தியாவுக்காகக் கைதட்டியவர்கள், அரங்கில் அமர்ந்திருந்த பாகிஸ்தான் ஹாக்கி ஆட்டக்காரர்கள்! அன்று ஆடியவர்களே பிற்காலத்தில் சொன்ன செய்தி இது.

பி.கே.பானர்ஜி ஒரு கோல். தலையிலே தையலோடு ஆடிய ஜர்னைல் சிங் இன்னொரு கோல். இவர் தற்காப்பு ஆட்டக்காரர். காயம்பட்ட மனிதரை முன்னணிக்கு அனுப்பியவர் பயிற்சியாளர் ரகீம். காய்ச்சலில் கிடந்து எழுந்த தங்கராசைக் கோலிலே நிறுத்தியவரும் அவரே. முடிவு 2–1. தங்கம் நமதாயிற்று.

மறுநாள் தொட்டு இன்றுவரை இதற்கு உலகம் இட்ட பெயர் என்ன? அதிசயம்! அற்புதம்! எளியவன் வலியவனை வென்றால் உடனே இந்தச் சொல்லை எடுத்து நீட்டிவிடுகிறார்கள். 1954இல் மேற்கு ஜெர்மனி, ஹங்கேரியை 3–2 என்று வென்றது. அதைப் பற்றி 2003இல் எடுத்த படத்திற்குப் பெயரே 'பெர்னின் அதிசயம்'. 1966இல் வடகொரியா இத்தாலியை 1–0 என்று வீழ்த்தியபோதும் இதே பேச்சு. தோற்றுத் திரும்பிய இத்தாலியரை அவர்கள் நாட்டார் அழுகிய தக்காளியால் வரவேற்றனர். வென்றவர்களின் கதை படமாவதற்கு 2002 வரை காத்திருக்கவேண்டியிருந்தது.

1950இலே, பிரேசிலில், அமெரிக்க அணி இங்கிலாந்தை 1–0 என்று தோற்கடித்தது. அதற்கும் ஒரு படம், 2005இல். அந்த அமெரிக்க அணியில் யார் யார் இருந்தனர்? தபால்காரர் ஒருவர், பள்ளி ஆசிரியர் ஒருவர், பிண வண்டி ஓட்டியவர் ஒருவர். கோல் அடித்தவர் ஹெய்ட்டி நாட்டு கறுப்பின இளைஞர் ஜோ கேட்ஜென்ஸ். நியூயார்க்கிலே படித்துக்கொண்டே உணவகத்தில் தட்டுக் கழுவியவர். ஆட்டம் முடிந்ததும் அவரைத் தோளில் தூக்கிச் சென்றது கூட்டம். 1964இல், ஹெய்ட்டியின் சர்வாதிகாரி துவாலியேயின் அடியாட்கள் அவரைப் பிடித்துச் சென்றனர். அவர் திரும்பவேயில்லை.

அதே 1950 உலகக் கோப்பையில் இந்தியாவுக்கும் இடம் இருந்தது. நாம் போகவில்லை. வெறுங்காலுடன் ஆட விடமாட்டோம் என்றார்கள், அதனால் போகவில்லை என்று ஒரு கதை உண்டு. அணித்தலைவர் சைலேன் மன்னா அதனை மறுத்தார். ஒலிம்பிக்கையே பெரிதென்று எண்ணி, உலகக் கோப்பையைப் பொருட்படுத்தாமல் விட்டார்கள் என்றார். காலிலே பூட்ஸ் இல்லாதது குற்றமில்லை, தோழர்களே! மேசைக்குப் பின்னே அமர்ந்தவர்களுக்குக் கண் இல்லாமற் போனதே!

நமக்கு அருகே உத்திரமேரூர் இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டைப் பெருமையோடு காட்டுகிறோம். காட்டவேண்டியதுதான். ஆனால் நின்று படியுங்கள். கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் வேண்டும், சொந்த மனையிலே வீடு வேண்டும். அப்போதுதான் பெயர் ஓலையில் ஏறும், ஓலை குடத்தில் விழும். உழுதவன் வெளியே நின்றான். ஆட்டம் தொடங்கும் முன்னரே ஆடத் தகுந்தவர் யாரென்று தீர்த்துவைத்தாயிற்று. அப்படி வெளியே நிறுத்தப்பட்டவன் எப்படியோ உள்ளே வந்து வென்றுவிட்டால், தீர்த்துவைத்தவர்களுக்கு அது அதிசயமாகத்தானே தோன்றும்?

சையத் அப்துல் ரகீமுக்கு அது அதிசயமன்று. ஐதராபாத்திலே பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஐதராபாத் நகரப் போலீஸ் அணியைப் பயிற்றுவித்து, 1950 முதல் 1954 வரை ஐந்தாண்டும் தொடர்ந்து ரோவர்ஸ் கோப்பையை வெல்லச் செய்தவர். ஓர் ஆட்டக்காரனுக்கு வலக்கால் வலுவானதென்றால், இடக்காலால் மட்டுமே ஆடும் போட்டி வைப்பார். பந்தைத் தன் காலடியிலேயே வைத்து வித்தை காட்டுவோர்க்கு, அவ்வித்தை கூடாதென்று தனிப்போட்டி வைப்பார். 1952 ஹெல்சிங்கியில் யுகோஸ்லாவியாவிடம் 10–1 என்று நம்மவர் நொறுங்கினர். பெரும்பாலோர் வெறுங்காலர். அதன் பின்னரே பூட்ஸ் கட்டாயமாயிற்று. 1956 மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை 4–2 என்று வென்று நான்காமிடம்! நான்காண்டிலே அந்தத் தூரம்! இதையெல்லாம் அடுக்கிவைத்துப் பார்த்தால் ஜகார்த்தாவிலே அதிசயம் எங்கே இருக்கிறது?

அதிசயம் என்று கைகூப்பி நின்றவர்கள், அது எப்படிச் செய்யப்பட்டது என்று கேட்க மறந்தார்கள். நுரையீரல் புற்றுநோயோடு ஜகார்த்தா சென்ற ரகீம், 1963 ஜூன் 11இல் மறைந்தார். அவர் தொடங்கிய பணியை அவரைப்போல் தொடரவேண்டும் என்று எவரும் வரிந்துகட்டவில்லை. 1970இல் ஒரு வெண்கலம். ஆசிய விளையாட்டுக் கால்பந்திலே தங்கம் மீண்டும் வரவேயில்லை.

படத்திலும் குறை உண்டு. மொழுமொழுவென்று ஒரு பத்திரிகைக்காரரைத் தீயவராக வைத்திருக்கிறார்கள். ஒரு மனிதனின் பொறாமை என்றால் படம் எடுப்பது எளிது. ஓர் அமைப்பின் அலட்சியத்துக்கு வேடம் கட்ட நடிகர் கிடைப்பாரா? அதுபோலவே இறுதி ஆட்டத்தையும் மூச்சைப் பிடித்துக் காட்டுகிறார்கள். உண்மையிலே நம் இரு கோல்களும் முற்பாதியிலேயே விழுந்துவிட்டன. எஞ்சிய நேரமெல்லாம் காத்து நின்றதே வேலை. கொரியர் ஒன்றைத் திருப்பியது ஆட்டம் முடியும் தறுவாயில். ஆகவே, கோல் அடிப்பவரை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் தங்கராசைப் பாருங்கள். ஐதராபாத்தில் பிறந்து, மதராஸ் ரெஜிமென்ட்டின் படைவீரராகி, முதலில் முன்னணியில் ஆடிப் பின்னர் கோலுக்கு வந்தவர். அந்த அணி 1955இல் டூரண்ட் கோப்பை வென்றது. அவர் பெயரை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்? இங்கு வரும்போது ஏரிப்பக்கம் வெறுங்காலோடு பந்தாடிய சிறுவர்களைக் கேட்டேன். ஒருவனுக்கும் தெரியவில்லை. அவர்கள் இப்போது முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள்.

இந்தப் படம் பலமுறை தள்ளிப்போய்த்தான் வெளிவந்தது. ஜர்னைல் சிங் 2000இலும், தங்கராசு 2008இலும் மறைந்தனர். பி.கே.பானர்ஜியும் அணித்தலைவர் சுனி கோஸ்வாமியும் 2020இல் மறைந்தனர். துளசிதாஸ் பலராம் 2023 பிப்ரவரி வரை இருந்தார். படம் 2024இல் வந்தது.

இயந்திரத்தருகே நிற்கும் தம்பி கையசைக்கிறார். விளக்கை அணைக்கலாம்.