மதிப்பெண் பட்டியலும் எல்லைக்கோடும்

(ஆசிரியர்களும் பெற்றோர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)



அமெரிக்காவில் வீடு வாங்கப் போகும் குடும்பங்கள் பல, அந்தத் தெருப் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள், அதன் மதிப்பெண் என்ன என்று முதலில் விசாரிக்கின்றன. மதிப்பெண் உயர்ந்த இடத்தில் வீட்டு விலை ஏறுகிறது. விலை ஏறினால் சொத்து வரி வருமானம் ஏறுகிறது. அந்த வரியில் ஒரு பெரும்பங்கு அந்த இடத்துப் பள்ளிகளுக்குத்தான் போகிறது. பணமுள்ள இடத்தில் பணம் சேர்வதற்கு இதைவிடச் சுலபமான வழி வேண்டுமா?

அங்கே கல்வியை நடத்துவது பெரும்பாலும் 'பள்ளி வட்டாரம்' என்ற சிறு அமைப்பு. தேசம் முழுவதும் 13,000க்கும் மேற்பட்ட வட்டாரங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி எல்லை, தனி போர்டு. ஆயிரம் பிள்ளைகள் கூட இல்லாத வட்டாரங்களும் ஏராளம். அவற்றில் பலவற்றில் ஒரே ஒரு நடுநிலைப் பள்ளிதான் இருக்கும். ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்று வகுப்புகள்; பதினொன்று முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகள்.

2002 ஜனவரியில் கையெழுத்தான ஒரு சட்டம், மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணக்கிலும் பரீட்சை வைக்க வேண்டும் என்றது. ஏழைப் பிள்ளைகள், கறுப்பினப் பிள்ளைகள், ஆங்கிலம் புதிதாகக் கற்கும் பிள்ளைகள் என்று பிரித்துப் பிரித்து முடிவைப் பிரசுரிக்க வேண்டும் என்றும் சொன்னது. 2015ல் வேறு சட்டம் வந்தபோதும் இந்த ஏற்பாடு நீடித்தது. பிரித்துக் காட்டுவது நல்லதே என்பது நம் அபிப்பிராயம். சராசரிக்குப் பின்னால் ஏழைப் பிள்ளையை ஒளித்து வைக்க முடியாமல் போயிற்று அல்லவா?

ஆனால் சின்னஞ்சிறு வட்டாரத்தில் இந்தக் கணக்கு ஆட்டம் காண்கிறது. எட்டாம் வகுப்பில் 40 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிள்ளை என்றால் நூற்றுக்கு இரண்டரை. தேறிய பிள்ளைகள் மூவர் குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போனால், அடுத்த பட்டியலில் பள்ளி சறுக்கிவிட்டது என்று கூச்சல் எழும். வாத்தியார் அதே வாத்தியார், பாடம் அதே பாடம்! அதோடு, ஒரு பிரிவில் பத்துப் பேரோ இருபது பேரோ கூட இல்லையென்றால் அந்த எண்ணை வெளியிடாமல் விட்டுவிடுவது பல ராஜ்யங்களில் வழக்கம். பிள்ளையின் அடையாளம் தெரியக்கூடாது என்ற காரணம் நியாயமானதுதான். என்றாலும் பணக்கார வட்டாரத்தில் இருக்கும் ஏழெட்டு ஏழைப் பிள்ளைகள் தனிக் கணக்கிலிருந்து மறைந்துபோகிறார்கள்.

அந்தப் பட்டியலில் இன்னொரு கட்டம் உண்டு. அதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். இலவசமாகவோ குறைந்த விலையிலோ மதிய உணவு பெறத் தகுதியுள்ள பிள்ளைகள் நூற்றுக்கு எத்தனை பேர் என்ற கட்டம் அது. இந்த எண் ஏற ஏற மதிப்பெண் இறங்குவதைப் பெரும்பாலும் பார்க்கலாம். அப்படியானால் பட்டியல் அளப்பது ஆசிரியரின் உழைப்பையா, பெற்றோரின் பணப்பையையா?

எல்லைக்கோடு என்ன செய்யும் என்பதற்கு டெக்ஸாஸ் ராஜ்யத்து ஸான் அன்டோனியோ நகரத்தைப் பாருங்கள். 1967-68ல் அந்த ஒரே நகர்ப்புறத்தில் ஏழு பள்ளி வட்டாரங்கள் இருந்தன. எட்ஜ்வுட் வட்டாரத்தில் அப்போது சுமார் 22,000 பிள்ளைகள் இருந்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் மெக்ஸிக வம்சத்தினர். அலமோ ஹைட்ஸ் சிறிய வட்டாரம், சுமார் 5,000 பிள்ளைகள், பெரும்பாலும் வெள்ளையர்.

1967-68ம் ஆண்டுக் கணக்கு இது. எட்ஜ்வுட் மக்கள் நூறு டாலர் சொத்துக்கு ஒரு டாலர் ஐந்து சென்ட் வரி கட்டினார்கள். அந்த நகர்ப்புறத்திலேயே மிக உயர்ந்த விகிதம் அதுதான். அலமோ ஹைட்ஸில் 85 சென்ட். ராஜ்யத் திட்டத்துக்குச் செலுத்த வேண்டிய பங்கு போக, பிள்ளை ஒன்றுக்கு எட்ஜ்வுட்டில் கிடைத்தது 26 டாலர். அலமோ ஹைட்ஸில் 333 டாலர்! அதிக விகிதத்தில் வரி கட்டியவன் பிள்ளைக்கு 26, குறைந்த விகிதத்தில் கட்டியவன் பிள்ளைக்கு 333. ராஜ்ய சர்க்காரும் மத்திய சர்க்காரும் கொடுத்ததைச் சேர்த்த பிறகும் 356க்கு எதிராக 594. எட்ஜ்வுட் ஆசிரியர்களில் நூற்றுக்கு 47 பேர் முழுத் தகுதிச் சான்று இல்லாமல் தற்காலிக அனுமதியில் வேலை பார்த்தவர்கள். அலமோ ஹைட்ஸில் 11 பேர்.

பிள்ளைகள் பொறுத்துக்கொண்டிருக்கவில்லை. 1968 மே 16ல் சுமார் 400 உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் வகுப்பைவிட்டு வெளியேறி ஊர்வலமாகப் போனார்கள். உடைந்த ஜன்னல்களும் தகுதியில்லாத ஆசிரியர்களும் அவர்களுடைய புகார்கள். பெற்றோர்கள் கூடினார்கள். விமானப்படைத் தளத்தில் தகடு வேலை செய்த டெமட்ரியோ ராட்ரிகெஸ் என்ற தொழிலாளியும் மற்றவர்களும் அதே ஆண்டில் வழக்குப் போட்டார்கள். 1971ல் கீழ்க்கோர்ட்டில் ஜெயம். 1973 மார்ச் 21ல் சுப்ரீம் கோர்ட் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதைத் தள்ளிவிட்டது. கல்வி என்பது அரசியல் சட்டம் உத்தரவாதம் அளிக்கும் அடிப்படை உரிமை அல்லவாம்! எதிர்த்து எழுதிய நால்வரில் ஒருவர், கறுப்பின மக்களின் பள்ளி உரிமைக்காக வாதாடிப் புகழ்பெற்ற தர்குட் மார்ஷல்.

எட்ஜ்வுட் மக்கள் ஓயவில்லை. 1984ல் ராஜ்யக் கோர்ட்டுக்குப் போனார்கள். இந்தத் தடவை டெக்ஸாஸ் அரசியல் சட்டத்தையே ஆதாரமாக வைத்தார்கள். 1989ல் டெக்ஸாஸ் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார்கள். சட்டசபை இழுத்தடித்தது. கடைசியில் 1993ல், சொத்து வளம் மிகுந்த வட்டாரங்களின் வருமானத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும் சட்டம் வந்தது. 'ராபின் ஹூட் சட்டம்' என்று ஜனங்கள் பெயர் வைத்தார்கள். பணக்கார வட்டாரங்கள் கோர்ட்டுக்குப் போய், 1995ல் தோற்றன. இடைவெளி சுருங்கியது; முழுவதும் மூடவில்லை.

ராட்ரிகெஸ் 2013ல் காலமானார். முதல் வழக்கைப் போட்டபோது ஆரம்பப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த அவருடைய பிள்ளைகள், ராபின் ஹூட் சட்டம் வந்தபோது படிப்பு வயதைக் கடந்து பெரிய மனிதர்களாகியிருந்தார்கள்.