பச்சைக் கிளையும் நல்ல வில்லும்



தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்தவர்களில் சிறுவயதில் வில் செய்து விளையாடாதவர்கள் மிகச் சிலரே. லயத்துக்குப் பின்னால் நிற்கும் ஏதோ ஒரு மரத்தில் கிளையை ஒடிப்போம். இரண்டு முனையிலும் கயிற்றைக் கட்டுவோம். தென்னை ஈர்க்கை அம்பாக்கி எய்வோம். காலையில் செய்த வில் மாலையில் அரிவாளைப் போல் வளைந்து கிடக்கும். கயிற்றை அவிழ்த்தாலும் நிமிராது. மறுநாள் அது அடுப்புக்குப் போகும். இது ஏன் நடக்கிறது, நல்ல வில்லை எப்படிச் செய்வது என்பதைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். விளையாட்டுப் பொருளைப் பற்றி வாத்தியார் வானொலியில் பேசலாமா என்று நினைக்க வேண்டாம். இதற்குள் ஒரு பாடம் இருக்கிறது. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் ஒரு மாணவனும் அவனுடைய தகப்பனாரும்.

வில் நமக்குப் புதியதன்று. சேர மன்னர்களின் கொடியில் இருந்தது வில். ‘சிலை’ என்ற சொல்லுக்குக் கல் என்றும் வில் என்றும் பொருள் இருப்பதோடு, ஒரு வகை மரம் என்ற பொருளும் நம் அகராதிகளில் உண்டு. கருவியையும் மரத்தையும் ஒரே சொல்லால் குறித்திருக்கிறார்கள் நம் முன்னோர். நாம் வாழும் இந்தக் கெடா மாநிலத்திலும் வில்லுக்குப் பழைய வரலாறு உண்டு. பாலிங் வட்டாரத்தில் லுபோக் லெகோங் என்ற கிராமத்தில் கென்சியு என்னும் பூர்வகுடி மக்கள் வாழ்கிறார்கள். இவர்கள் செமாங் என்று அழைக்கப்படும் பெரிய பிரிவைச் சேர்ந்தவர்கள். அந்தச் செமாங் மக்கள் வில்லும் அம்பும் கொண்டு வேட்டையாடியதை 1906ஆம் ஆண்டில் ஸ்கீட், பிளாக்டன் என்னும் இருவர் வெளியிட்ட பெரிய நூல் விவரிக்கிறது. பின்னாளில் ஊதுகுழலாகிய சும்பிட்டே அவர்களுடைய முக்கிய ஆயுதமாயிற்று.

இன்னொரு செய்தியையும் கேளுங்கள். 1991ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், இத்தாலிக்கும் ஆஸ்திரியாவுக்கும் எல்லையான ஆல்ப்ஸ் மலையில், பனிக்கட்டிக்குள் ஒரு மனிதனின் உடல் கண்டெடுக்கப்பட்டது. அவன் ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவன். அவனருகே செம்புக் கோடரி ஒன்றும், 1.82 மீட்டர் நீளமுள்ள வில் ஒன்றும் கிடந்தன. அந்த வில் முழுமை பெறாதது. செதுக்கிய தழும்புகள் அதன் மீது அப்படியே இருந்தன. அவனுடைய அம்பறாத்தூணியில் இருந்த 14 அம்புகளில் 2 மட்டுமே முடிக்கப்பட்டவை. 2001ஆம் ஆண்டில் எடுத்த கதிர்ப்படத்தில், அவனுடைய இடது தோளில் பகைவன் எய்த அம்பின் முனை தைத்திருப்பது தெரிந்தது. செய்து முடிக்காத வில் ஆபத்துக்கு உதவவில்லை. வில் செய்வது அவசரத்துக்கு அடங்காத வேலை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் பன்னிரண்டு வயது மாணவன் ஒருவன் இருந்தான். வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கு வரமாட்டான். தகப்பனார் மரம் சீவுகிறவர். விடியற்காலையில் மகனையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார். “எழுதப் படிக்கத் தெரிந்துவிட்டது, போதும். நாளைக்கு இந்த உளிதானே சோறு போடப் போகிறது?” என்பது அவருடைய வாதம். ஒரு நாள் அந்தப் பையன் நான் மேலே சொன்னேனே, அதே மாதிரி அரிவாளாக வளைந்த வில் ஒன்றோடு வந்தான். “சார், இது ஏன் நிமிரமாட்டேங்குது?” என்று கேட்டான். பள்ளிக்கூடத்தில் அவன் கேட்ட முதல் கேள்வி அது. விடலாமா?

விடை இதுதான். உயிரோடு நிற்கும் மரத்தில் நீர் நிறைந்திருக்கிறது. மரத்தின் நார்களுக்கு இடையிலும், நார்களின் சுவர்களுக்குள்ளும் நீர் உண்டு. ஈர நார் மென்மையாக இருக்கும். எப்படி வளைத்தாலும் வளையும். ஆனால் திரும்பி நிமிரும் வலு அதற்கு இல்லை. வில்லை வளைக்கும்போது வெளிப்பக்க நார்கள் இழுபடுகின்றன. எய்பவனை நோக்கிய உட்பக்க நார்கள் நசுங்குகின்றன. வெளிப்பக்கத்தை முதுகு என்றும் உட்பக்கத்தை வயிறு என்றும் சொல்வோம். ஈரமாக இருக்கும்போது நாணேற்றினால் வயிற்றுப்பக்க நார்கள் நசுங்கியபடியே நின்றுவிடும். பிறகு காய்ந்தாலும் அந்தக் கூன் போகாது.

ஆகவே மரத்தை முதலில் உலர்த்த வேண்டும். நம் நாட்டுக் காற்றில் ஈரம் மிகுதி. இங்கே நிழலில் நன்றாக உலர்ந்த மரத்தில்கூட நூற்றுக்குப் பதினைந்து பங்கு அளவில் நீர் தங்கியிருக்கும். அது வில்லுக்குத் தடையில்லை.

எந்த மரம் நல்லது? ரப்பர் மரம் வேண்டாம். அது தோட்டத்தின் சொத்து. அனுமதியின்றிக் கை வைக்கக்கூடாது. அதோடு, காற்றடித்தால் அதன் கிளைகள் முறிந்து விழுவதை நாம் அறிவோம். வெட்டிய ரப்பர் மரம் சில நாள்களிலேயே பூஞ்சை பிடித்து நீலம் பாயும். துளைக்கும் வண்டும் ஏறும். அதனால்தான் நாற்காலி மேசை செய்யும் ஆலைகளில் அதை உடனே மருந்தேற்றிச் சூளையில் உலர்த்துகிறார்கள். நமக்குக் கொய்யா மரம் ஏற்றது. லாஸ்தேக் கவட்டைக்கு நம் பிள்ளைகள் தேடிப்போகும் அதே மரம்தான். அடர்த்தியானது, நார் உறுதியானது. வீட்டுக் கொய்யாவைக் கவாத்து செய்யும் நாளில், இரண்டு அங்குலக் கனமும் ஐந்து அடி நீளமும் உள்ள நேரான கிளை ஒன்றை எடுத்து வையுங்கள்.

வில்லின் நீளத்துக்கு ஒரு கணக்கு உண்டு. நாணை இழுக்கும் தூரத்தைப் போல் இரு மடங்கு எடுத்து, அதனோடு பத்து அங்குலம் கூட்ட வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை 22 அங்குலம் இழுக்கும் என்றால் வில் 54 அங்குலம், அதாவது நாலரை அடி. ஐந்தடிக் கிளையில் மிஞ்சும் ஆறு அங்குலம் வெடிப்புக்காக விடும் கழிவு.

கிளையை வெட்டிய அன்றே மூன்று வேலைகளை முடிக்க வேண்டும். முதலாவது, இரு முனைகளிலும் மெழுகையோ மீந்துபோன சாயத்தையோ கனமாகப் பூசுவது. மரத்தின் நீர் பக்கவாட்டை விட முனைகளின் வழியாகவே மிக விரைவாக வெளியேறும். முனை மட்டும் முதலில் காய்ந்து சுருங்கினால் வெடிப்பு விழும். இரண்டாவது, பட்டையை உரிப்பது. பச்சையாக இருக்கும்போது அது எளிதாக வரும். கணு இல்லாத நல்ல பக்கத்தை முதுகாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்தில் பட்டைக்குக் கீழுள்ள மரத்தில் கத்தியே படக்கூடாது. நார் ஒன்று அறுந்தாலும் வில் அங்கேதான் முறியும். மூன்றாவது, வயிற்றுப்பக்கத்தை மட்டும் பாராங் கத்தியால் செதுக்கித் தட்டையாக்குவது. பாதிக் கனம் குறைந்தால் உலர்வதும் விரைவாகும். பாராங்கைப் பெரியவர்களே பிடிக்க வேண்டும்.

பிறகு அதை ஒரு நேரான பலகையோடு சேர்த்துக் கட்டி, காற்றோட்டமுள்ள நிழலில் வையுங்கள். தகரக் கூரையின் மேல் போடாதீர்கள், அடுப்போரத்தில் சாத்தாதீர்கள். பழைய தோட்டங்களில் புகைக்கூண்டில் ரப்பர் ஷீட்டு உலர்த்திய பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். சூடு அதிகமானால் ஷீட்டில் குமிழி விழும். சூடு போதாவிட்டால் உள்ளே வெள்ளைத் திட்டு நிற்கும். மரத்துக்கும் அதே நிதானம் தேவை.

உலர்ந்துவிட்டது என்று எப்படி அறிவது? கண்ணால் அறிய முடியாது. எடை போட்டால் தெரியும். எங்கள் பையன் ஒவ்வொரு திங்கட்கிழமையும் பள்ளித் தராசில் அந்தக் கட்டையை நிறுத்துக் குறித்தான். முதல் வாரம் 1,400 கிராம். அடுத்த வாரங்களில் 1,230, 1,120, 1,060, 1,020, 1,005, 1,000. எட்டாம் வாரமும் 1,000. எடை இறங்குவது நின்றதும் கட்டை உலர்ந்துவிட்டது என்று முடிவு செய்தோம். அந்த எண்களை வைத்து அவனே கரும்பலகையில் வரைபடம் போட்டான். கோடு முதலில் செங்குத்தாக இறங்கி, பின் சாய்ந்து, கடைசியில் படுத்துவிட்டது. கணக்குப் பாடத்துக்கு அஞ்சி ஓடியவன், திங்கட்கிழமை தவறாமல் வந்தான்.

அடுத்தது நுட்பமான வேலை. நடுவில் நான்கு அங்குலம் கைப்பிடியாகக் கனமாக விட்டு, அங்கிருந்து இரு முனை வரைக்கும் சீராக மெலிந்துபோகும்படி வயிற்றுப்பக்கத்தைச் சுரண்ட வேண்டும். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. கனம் பாதியானால் விறைப்பு பாதியாவதில்லை. எட்டில் ஒரு பங்காகிவிடும். பத்தில் ஒரு பங்கு கனத்தை எடுத்தால் விறைப்பில் கால் பங்குக்கு மேல் போய்விடும். ஆகவே ஒரு சீவலில்கூட வில்லின் தலைவிதி மாறும்.

பையன் இரண்டு நாள் சுரண்டினான். கை பழகவில்லை, ஓரிடத்தில் பள்ளம் விழுந்தது. சோர்ந்துபோனான். “உங்கள் அப்பாவைக் கூட்டி வா” என்றேன். தகராறு என்று நினைத்தாரோ என்னவோ, அவர் சட்டையை மாற்றிக்கொண்டு மாலையில் வந்தார். நான் வில்லை அவர் கையில் கொடுத்தேன். “ஐயா, தினமும் பட்டையை மெல்லிசாகச் சீவுகிறீர்கள். உள்மரத்தில் காயம் படாமல் உளியை நிறுத்துகிறீர்கள். அந்தக் கைதான் இதற்கு வேண்டும்” என்றேன். அவர் வில்லைத் தடவிப் பார்த்தார். கட்டை விரலால் அழுத்தி விறைப்பான இடத்தைக் கண்டார். கத்தியைச் சாய்த்துப் பிடித்து ஒரே சீராகச் சீவினார். சீவல் காகிதம் போலச் சுருண்டு விழுந்தது. மகன் தகப்பனாரின் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பிறகு இரு முனையின் பக்கவாட்டில் குதை வெட்டினோம். முதுகுப்பக்கம் வெட்டக்கூடாது. நாணுக்கு முற்காலத்தில் மருள் என்ற செடியின் நாரைத் திரித்தார்கள். நாம் தொட்டிகளில் அழகுக்கு வளர்க்கும் பாம்புக் கற்றாழை அதற்கு நெருங்கிய உறவு. இன்று முறுக்கிய பாலியெஸ்டர் நூல் போதும். நைலான் நீண்டுகொடுக்கும், ஆகாது. கைப்பிடியை ஒரு கம்பத்தில் பொருத்தி, நாணைக் கீழ்நோக்கிச் சிறிது சிறிதாக இழுத்து, தூரத்தில் நின்று வளைவைப் பார்க்க வேண்டும். எங்கே வளையவில்லையோ அங்கே சுண்ணாம்புக் கோடு போட்டுச் சீவ வேண்டும். அதிகமாக வளையும் இடத்தைத் தொடவே கூடாது. இரு பக்கமும் ஒன்றுபோல் வளையும் வரை அடுத்த அங்குலம் இழுக்காதீர்கள்.

எங்கள் வில்லைக் கொக்கித் தராசில் மாட்டி 22 அங்குலம் இழுத்தபோது ஏழு கிலோ காட்டியது. கயிற்றை அவிழ்த்தோம். வில் நிமிர்ந்து நின்றது.

பெற்றோருக்குச் சில எச்சரிக்கைகள். அம்பு முனையில் ரப்பரோ துணியோ கட்டுங்கள். குறிக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் இருக்கக்கூடாது. போன கண் திரும்பி வராது. அம்பில்லாமல் நாணை இழுத்து விடாதீர்கள், வில் சிதறும். பறவைகளையும் விலங்குகளையும் எய்யவேண்டாம். 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் உள்ளது. உமி அடைத்த சாக்கு நல்ல குறி.

நேயர்களே, “ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா” என்று சொல்கிறோம். உண்மைதான். ஆனால் அந்தப் பழமொழியைச் சொல்லிப் பிள்ளைகளை எந்தச் சுமைக்கும் வளைத்துவிடலாம் என்று எண்ணக்கூடாது. பச்சைக் கிளை எளிதில் வளையும் என்பதற்காகவே அன்றைக்கே நாணேற்றினோம். கூன் விழுந்து போயிற்று. அன்று அந்தத் தகப்பனார் வீட்டுக்குப் புறப்படும்போது வாசலில் நின்று, “எட்டு வாரம் காத்திருக்கணுமா சார், ஒரு கட்டைக்கு?” என்று கேட்டார். “ஆமாம் ஐயா, கட்டைக்கே எட்டு வாரம்” என்றேன். அவர் வேறொன்றும் பேசவில்லை.

அதன் பிறகு பையன் ஒரு நாளும் பள்ளிக்குத் தவறவில்லை என்று சொன்னால் அது மிகை. அடுத்த தவணையில் மூன்று நாள் வரவில்லை. அதற்கு முந்திய தவணையில் அவன் வராத நாள்கள் இருபத்தொன்று. அவன் இடைநிலைப் பள்ளிக்குப் போனபோது, தகப்பனாரே அவனைப் பேருந்து நிறுத்தம் வரை கொண்டுவந்து விட்டார்.

இன்று பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. நம் மக்களில் பலர் சுங்கைப் பட்டாணி, கூலிம் போன்ற நகர்ப்புறங்களில் குடியேறிவிட்டார்கள். எங்கே இருந்தாலும் ஒரு கொய்யாக் கிளைக்கும் ஒரு நிழலான தாழ்வாரத்துக்கும் இடம் கிடைக்கும். விடுமுறையில் பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு வில் செய்யுங்கள். உங்கள் கைத்தொழிலின் நுட்பத்தை அவன் பார்க்கட்டும். அவன் எழுதும் கணக்கை நீங்கள் பாருங்கள். நாணேற்றும் நாளுக்கு அவசரப்படாதீர்கள்.