சேலத்துக்கு வர்ற விமானம் ஏன் நின்னு நின்னு போகுது? (மாரமங்கலத்தில் பேசியது)



"பிளேன் வந்தா நமக்கென்ன தம்பி?"ன்னு ஒரு பெரியவர் கேட்டாரு. நியாயமான கேள்வி. பதில் சொல்றேன்.

மலைக்குக் கீழ காமலாபுரத்துல விமான நிலையம் 1993-லயே வந்தாச்சு. விமானம்தான் நிக்கல.

✈️ 2009: கிங்ஃபிஷர், சென்னைக்கு. கடன்ல தத்தளிச்ச கம்பெனி, பாதியில நிறுத்திடுச்சு.

✈️ 2018 மார்ச் 25: உடான் திட்டத்துல ட்ரூஜெட். சுமார் 70 பேர் உட்கார்ற ஏடிஆர் 72, நம்ம சின்ன ஓடுதளத்துக்குப் பொருத்தமான விமானம். ரோட்டுல 6 மணி நேரம், வானத்துல 1 மணி நேரம். 2021-ல் அதுவும் நின்னுச்சு.

✈️ 2023 அக்டோபர்: அலையன்ஸ் ஏர், பெங்களூரு–சேலம்–கொச்சி. அடுத்து இண்டிகோ, சென்னைக்கும் ஹைதராபாத்துக்கும்.

உடான்ல குறிப்பிட்ட சீட்டுகளுக்குக் கட்டண உச்சவரம்பு உண்டு. அந்த நஷ்டத்துக்கு அரசு தர்ற மானியம் 3 வருஷம்தான். அப்புறம் சீட் நிரம்பலன்னா கம்பெனி கிளம்பிடும்.

பெரியவருக்குப் பதில் இதுதான்: நம்ம காப்பி, மிளகு வாங்க வர்ற வியாபாரியும், ஏற்காடு வர்ற டூரிஸ்ட்டும், வெளியூர்ல வேலை பார்க்கிற நம்ம பிள்ளையும் அதுலதான் வரணும்.

மானியம் முடிஞ்சப்புறம் கத்திப் பிரயோஜனம் இல்ல. "அடுத்து என்ன ஏற்பாடு?"ன்னு இப்பவே கேளுங்க. கூடவே, மலைக்கிராமத்துலிருந்து காமலாபுரத்துக்குப் பஸ்ஸும் கேளுங்க!

பகிருங்கள் உறவுகளே!