வெள்ளி நிறக் காரும் நம்ம கை வேலையும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் எங்கள் குழு சார்பில் பேசியது)



நாங்கள் அச்சங்குளத்திலிருந்து வந்திருக்கிறோம். 2021 பிப்ரவரி 12 அன்று எங்கள் ஊர்ப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தது உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு, இனி மருந்துப் பக்கம் போவதில்லை என்று எங்களில் சிலர் நின்றுவிட்டோம். உள்கடன் எடுத்து ஒரு பாலிஷ் மெஷின் வாங்கி, கார் கழுவிப் பாலிஷ் போடுகிறோம்.

ஒரு வேடிக்கை. வாணத்தில் வெள்ளையாகப் பளீரென்று எரிவது அலுமினியப் பவுடர். மெட்டாலிக் பெயிண்டில் மினுங்குவதும் அதே அலுமினியம்தான், சின்னச் சின்னச் செதிலாக! "இங்கேயும் வந்துட்டியா?" என்று சிரித்தோம். பயம் வேண்டாம், பெயிண்டுக்குள் அது பிசினில் ஒட்டிக் கிடக்கிறது, வெடிக்காது. ஆனாலும் உப்புத்தாளை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது. தண்ணீர் தொட்டுத்தான் தேய்க்கணும், மூக்கில் மாஸ்க் வேணும்.

அந்தச் செதிலுக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்கும். கிளியர் கோட் என்பார்கள். நாம் பாலிஷ் போடுவது அதன்மேல்தான். பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான் இருக்கும், ஒரு தலைமுடி கனம்கூட வராது. ஒவ்வொரு முறையும் அதில் கொஞ்சம் தேய்ந்து போகும்.

இது தெரியாமல் நாங்கள் பட்டோம். ஒரு வெள்ளி நிறக் கார், பானெட் ஓரத்தில் மெஷினை அழுத்திப் பிடித்துவிட்டோம். பஞ்சு சாம்பல் நிறமாச்சு. அழுக்கு வருதென்று சந்தோஷப்பட்டு இன்னும் தேய்த்தோம்! வந்தது அழுக்கில்லை, அலுமினியம். மெட்டாலிக்கில் அந்த இடத்துக்கு மட்டும் பிரஷ்ஷால் பூசினால் திட்டுத் தனியாகத் தெரியும். முழு பானெட்டுக்கும் ஸ்பிரே அடிக்க வேண்டியதாயிற்று. இரண்டு மாதச் சேமிப்பு போச்சு.

இப்போது ஓரங்களில் எல்லாம் முதலில் டேப் ஒட்டிவிடுகிறோம். உள்ளங்கை அகலம் போட்டுப் பார்த்து, பஞ்சில் காரின் நிறம் வந்தால் நிறுத்திவிடுகிறோம். நகத்தால் வருடும்போது நகம் மாட்டுகிற கீறல் பாலிஷில் போகாது. வெள்ளையாகச் செதில் உரிந்த இடமும் அப்படித்தான். "இது எங்களால் ஆகாது சார்" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வெட்கப்படக் கூடாது.

வெயிலில் காய்ந்த தகட்டில் கை வைக்காதீர்கள், நிழலில் ஆறட்டும். பாத்திரம் தேய்க்கும் சோப்பு வேண்டாம். பழைய சேலைத் துணியும் வேண்டாம், மடிப்பில் மணல் இருக்கும். தீபாவளி மறுநாள் வரும் காரில் கந்தகக் கரி படிந்திருக்கும். அதை உலர்வாகத் துடைத்தால் கோடு கோடாக விழும், நிறையத் தண்ணீர் ஊற்றித்தான் எடுக்கணும்.

வளையல், மோதிரத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள். நம் காருக்குக் கீறல் போடுவது பாதி நேரம் நம் வளையல்தான்! முந்தானையை இறுகச் செருகி, தாலிச் சங்கிலியை உள்ளே போட்டு, பின்னலைக் கொண்டை போட்ட பிறகுதான் மெஷின். ஒயர் தோளுக்குப் பின்னால் கிடக்கட்டும், ஈரத் தரையில் வேண்டாம். தின்னர் நனைத்த துணியைச் சுருட்டி வீட்டுக்குள் வைக்காதீர்கள். இன்னும் ஆலைக்குப் போகிற சகோதரிகள் அந்தத் துணியோடு இந்த வேலைக்கு வரக் கூடாது, மாற்றிவிட்டு வாங்க. ஸ்பிரே அடிக்கும் வேலையை நாங்கள் தொடவே இல்லை. அந்தப் புகை நுரையீரலைக் கெடுக்கும், அதற்குத் தனி அறையும் தனி மாஸ்க்கும் வேண்டும்.

பழைய இரும்புக் கடையில் ஒரு கார்க் கதவு வாங்கிப் போட்டிருக்கிறோம். வருகிற ஞாயிறு காலை வந்தால் அதில் தேய்த்துப் பழகலாம். அது கெட்டால் யாருக்கும் பணம் கட்ட வேண்டாம்.